உபரி அறையைக் கைவேலை அறையாக மாற்றும்போது எழும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெட்டிகளும் பழைய கட்டிலும் அடைந்து கிடந்த ஓர் அறையைத் தையலுக்கும் ஆரி வேலைக்கும் ஓவியத்துக்கும் உரிய இடமாக மாற்ற முடிவெடுத்தவுடன், பெரும்பாலான வீடுகளில் முதலில் அழைக்கப்படுபவர் தச்சர். அலமாரிக்கு அளவெடுத்து, சுவருக்குப் புதிய வண்ணம் பூசி, மேசையை ஜன்னலோரம் போட்டு வேலையைத் தொடங்கிய சில மாதங்களில் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. உண்மையில் அவற்றில் பல, அந்த அறை சும்மா கிடந்த காலத்திலேயே இருந்தவைதாம். நாள் முழுவதும் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் அவை கண்ணில் படவில்லை. ஆகவே நீர், மின்சாரம், வெளிச்சம், காற்று ஆகிய நான்கையும் சரிசெய்த பிறகே மரவேலைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட தமிழ்நாட்டு வீட்டில், ஏறக்குறைய பத்துக்குப் பத்து அடி அளவுள்ள ஓர் அறையை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. உங்கள் அறையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகள் இருந்தால், ஈரம் தொடர்பானதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை, துரு, கரையான், மின்கசிவு ஆகியவை பல வேளைகளில் ஈரத்திலிருந்தே கிளைப்பவை.

சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூக்கிறது, பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது

இது ஓதம். மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறும்போது, மண்ணிலும் செங்கல்லிலும் கட்டுமான மணலிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகப்பில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் படிகமாகத் தங்குகிறது. அந்தப் படிகங்கள் பெயிண்டுக்கும் பூச்சுக்கும் அடியில் வளர்ந்து, அவற்றை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கின்றன. உவர்ப்பான கிணற்று நீரிலோ சரியாகக் கழுவாத மணலிலோ கட்டிய சுவரில் இது இன்னும் கடுமையாக இருக்கும்.

எங்கிருந்து ஈரம் வருகிறது என்பதை அறியாமல் எதையும் பூசக் கூடாது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் மட்டும் வியர்த்திருந்தால், அறையின் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

ஈரம் சுவரிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அது எத்தனை அடி உயரம் ஏறியிருக்கிறது, எந்தச் சுவரில் மட்டும் இருக்கிறது என்று கவனியுங்கள். தரையிலிருந்து மூன்று அடி வரை ஏறக்குறைய சீரான கோடாக, ஒன்றுக்கு மேற்பட்ட சுவர்களில் தெரிந்தால், அடித்தளத்தில் ஓதத்தடுப்பு அடுக்கு இல்லை அல்லது அது பழுதாகிவிட்டது என்று பொருள். வெளிப்புறத்தையும் போய்ப் பாருங்கள். சாலையைத் திரும்பத் திரும்ப மேலடுக்காகப் போட்டு உயர்த்தியதால் வீட்டின் தரை தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்ட வீடுகளில், தடுப்பு அடுக்கு நன்றாக இருந்தாலும் அதற்கு மேலாக மண்ணும் சிமெண்டும் குவிந்து, ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போகிறது. அத்தகைய இடத்தில் உள்ளே என்ன பூசினாலும் பயனில்லை. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணை உள்தரை மட்டத்துக்கு அரையடியாவது கீழே இருக்கும்படி இறக்கி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுப்பதுதான் முதல் வேலை.

கறை ஒரே ஒரு சுவரில், அதுவும் குளியலறையை ஒட்டிய சுவரில், கோடையிலும் காயாமல் இருக்கிறதா? அப்படியானால் அது குழாய்க் கசிவாகவோ குளியலறைத் தரையின் இணைப்புகளில் இறங்கும் நீராகவோ இருக்கும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் நீர்க்குழாயில் கசிவு உண்டு. மட்டம் இறங்காமல் சுவர் மட்டும் நனைந்திருந்தால், அந்தக் குளியலறையைச் சில நாட்கள் பயன்படுத்தாமல் விட்டுக் கறை வெளுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுத்தால் குற்றவாளி தரை இணைப்போ கழிவுநீர்ப் போக்கோதான்.

வழியை அடைத்த பிறகு, உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, முறத்தில் பிடித்து, அறைக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். பொருமிய பூச்சைக் கறை தெரியும் உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, சுவரைக் கோடை மாதங்களில் திறந்தபடி உலரவிடுங்கள். அவசரப்படும் கொத்தனார்கள் அன்றே பூசிவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதிய சிமெண்டுப் பூச்சு இறுகவும் உலரவும் நான்கு வாரங்கள் தேவை. அதற்கு முன் பட்டி பார்த்து பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட் அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக வெளிவரும். ஓதம் முழுதாக நிற்காது என்று தெரிந்த பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையடிப்புமே ஏற்றவை என்பது என் கருத்து. அவை ஈரத்தை வெளியே மூச்சுவிடச் செய்கின்றன. ஜிப்சம் கலந்த பூச்சு நீர் பட்டால் இளகிவிடும் என்பதால் இந்தச் சுவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கூரையில் பழுப்பு வளையம் தெரிகிறது

அறைக்கு மேலே மொட்டைமாடி இருந்தால், மழைநீர் இறங்குகிறது. வளையத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் தட்டோடுகளுக்கும் சுருக்கிக்கும் (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு) அடியில் சில அடி தூரம் ஓடி, கான்கிரீட்டில் பலவீனமான இடம் கிடைத்த பிறகே கீழே இறங்கும். மழைநீர்க் குழாயின் வாயைத் துணி வைத்து அடைத்து, சந்தேகப்படும் பகுதியைச் சுற்றிச் சிறு மண்வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் நீர் நிறுத்தி ஒரு நாள் கவனியுங்கள். பகுதி பகுதியாக இப்படிச் செய்தால் எந்த இடத்தில் நீர் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாயைச் சுற்றிய இடம், தட்டோட்டு இணைப்புகள் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

வளையத்தோடு நிற்காமல் கூரையின் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பெயிண்டரோ கொத்தனாரோ தீர்க்கும் காரியம் அன்று. கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பெருகி, சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. அந்த அறையில் ஒருவர் மணிக்கணக்கில் தலைகுனிந்து அமரப்போகிறார் என்பதை நினைவில் கொண்டு, கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை உள்ளே வேலை தொடங்காதீர்கள்.

துணி அலமாரியில் பூஞ்சை வாடை அடிக்கிறது, ஊசிகள் துருப்பிடிக்கின்றன, ஜரிகை கறுக்கிறது

மூன்றும் ஒரே இடத்தில் நிகழ்ந்தால் காரணமும் பெரும்பாலும் ஒன்றே. காற்றிலுள்ள ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை அலமாரிக்கு உள்ளே வையுங்கள், அறையின் நடுவே அல்ல. அளவு அறுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நலம். எழுபதைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை வளரும்.

அலமாரியின் பின்பலகை வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, அடியிலும் கால்கள் வைத்து உயர்த்தினால் காற்று ஓடும். நம் பழைய வீடுகளில் சுவருக்குள் பதித்த கடப்பா கல் தட்டுகள் இருக்கும். பாரம் தாங்குவதில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் சுவர் ஓதம் காத்தால் கல்லும் குளிர்ந்து ஈரம் கோக்கும் என்பதால், கனமான கருவிகளையும் மூடியிட்ட டப்பாக்களையும் அங்கே வைத்து, துணிகளையும் காகிதங்களையும் வேறிடத்தில் வைப்பது நல்லது. கறை போக்குவதற்காகக் கடப்பா கல்லில் கழிப்பறை ஆசிடை ஊற்றுபவர்கள் உண்டு. அது சுண்ணாம்புக்கல் வகை என்பதால் ஆசிட் அதை அரித்து வெளுக்கச் செய்துவிடும்.

கடலோர ஊர்களில் மாலைக் கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பது உடலுக்கு இதம். அலமாரிக்கு அது ஈரம். துணிகளைக் காற்றாட விடுவதற்கு வெயில் ஏறிய முற்பகலே உகந்த நேரம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஊசி, கத்தரிக்கோல், ஆரி ஊசி போன்றவற்றைத் தையல் மெஷின் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜரிகைச் சுருள்களையும் ஜர்தோசியையும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ரப்பர் வளையமோ பாச்சை உருண்டையோ அவற்றின் மேல் நேரடியாகப் படக் கூடாது. வெள்ளி கலந்த ஜரிகை கறுப்பதற்குக் காற்றிலும் ரப்பரிலும் உள்ள கந்தகச் சேர்மங்களே முதன்மைக் காரணம், ஈரம் அதை விரைவுபடுத்துகிறது.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் மின்சாரம் நின்றுவிடுகிறது

எந்த நொடியில் நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சுவிட்சைப் போட்ட அதே நொடியில் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்சு) விழுந்தால், இஸ்திரிப் பெட்டியிலோ அதன் வயரிலோ ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது. அதை வேறு அறையில் போட்டுச் சோதிக்காதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால் அது மிகைச்சுமை. எம்.சி.பி. விழாமல் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு) மட்டும் விழுந்தால் எங்கோ மின்கசிவு உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால், ஓதம் காத்த சுவரில் பதிந்த சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதற்பகுதியில் சொன்ன ஈரம் இங்கே வந்து நிற்பதைக் காணலாம்.

மிகைச்சுமையைக் கணக்கிடுவது எளிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கருவியின் வாட் அளவை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். 2000 வாட் ஆவி இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் எடுக்கும். அதோடு ஏ.சி.யும் ஒரே சுற்றில் ஓடினால், படுக்கைக்காகவோ பெட்டி வைப்பதற்காகவோ போட்ட மெல்லிய வயரிங் அதைத் தாங்காது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டுப் பெரிய அளவுள்ளதைப் போடச் சொல்வது மிக ஆபத்தானது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. வயர் மாறாமல் எம்.சி.பி. மட்டும் பெரிதானால், சூடேறிய வயர் சுவருக்குள்ளேயே உருகும். இஸ்திரிக்கென்று 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றை, உரிய தடிமனுள்ள செம்பு வயரோடு, மின்பெட்டியிலிருந்து தனிச் சுற்றாக இழுத்துத் தருமாறு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இஸ்திரிப் பெட்டியைச் செருகும் வழக்கத்தை அந்த அறையில் தொடங்கவே வேண்டாம்.

இந்த வேலையைச் சுவர்ப் பூச்சுக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பிளக் பாயிண்டுகளின் உயரத்தை மேசையின் உயரத்தோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. மேசைப் பலகைக்கு அரையடி மேலே இருந்தால், வயர் தரையில் கிடந்து காலில் சிக்காது.

தையல் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று கை கூசுகிறது

இதைச் சிறு தொந்தரவு என்று விட்டுவிடுபவர்கள் பலர். வெறுங்காலோடு தரையில் கால் ஊன்றும்போது கூடுதலாகவும் செருப்பு அணிந்தால் குறைவாகவும் தெரிந்தால், மெஷினின் இரும்பு உடலுக்கு மோட்டாரிலிருந்து மின்சாரம் கசிகிறது, அது போக வேண்டிய எர்த் வழி இல்லை என்று பொருள். உடனே பிளக்கை உருவி, சரிசெய்யும் வரை மெஷினைத் தொடாதீர்கள். பழைய கால்மெஷினுக்குப் பின்னாளில் மோட்டார் பொருத்தியபோது இரண்டு பின் பிளக்கோடு விட்டிருப்பார்கள். மூன்று பின் பிளக்காக மாற்றி, எர்த் வயரை மெஷினின் உடலோடு திருகாணியில் இணைக்க வேண்டும்.

அது மட்டும் போதாது. சுவரிலுள்ள மூன்றாவது துளை உண்மையிலேயே எர்த் குழி வரை போகிறதா என்பதை எலக்ட்ரீஷியன் அளந்து சொல்ல வேண்டும். பல பழைய வீடுகளில் அந்தத் துளை பெயருக்கு இருக்கும், பின்னால் வயர் இருக்காது. குழி இருந்தாலும், உப்பும் கரியும் இட்ட பழைய வகைக் குழிகள் கோடையில் வறண்டு பயனற்றுப் போகும் என்பதால், அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், இந்த அறைக்கான செலவுப் பட்டியலில் அதை அலமாரிக்கு முன்னால் எழுதுங்கள்.

கடையில் பொருந்திய நூல் வீட்டில் பொருந்தவில்லை

துணியும் நூலும் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும் இன்னொன்றின் கீழ் வேறாகவும் தெரிவது சாயங்களின் இயல்பு. விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் அளவை மட்டும் பார்க்காமல், பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாக அந்த விளக்கு காட்டுகிறது என்பதன் அளவு அது. சாதாரண எல்.இ.டி. விளக்குகளில் அது எண்பதை ஒட்டி இருக்கும், நிறம் பார்க்கும் மேசைக்குத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். விளக்கொளியின் நிறம் 4000 முதல் 5000 கெல்வின் வரை இருப்பது பகல் வெளிச்சத்தோடு இசையும். மஞ்சள் விளக்கில் ஊதாவையும் நீலத்தையும் பிரிக்க முயல்வது வீண்.

ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னலே சிறந்தது, அங்கே நேர்வெயில் வராது என்ற அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும், நமக்குப் பாதிதான் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே வடக்கே சாய்ந்துதான் இருக்கிறது. தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே கத்திரி வெயில் நாட்களில் வடக்கு ஜன்னல் வழியாகவும் வெயில் விழுந்து பட்டு நூலை வெளுக்கச் செய்யும். வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சன்ஷேடும் மெல்லிய வெள்ளைத் திரையும் தேவை. நூல் கண்டுகளை அழகுக்காகச் சுவரில் திறந்து மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அப்படி மாட்டாதீர்கள்.

விளக்கு இருந்தும் வேலை செய்யும் இடம் இருட்டாக இருக்கிறது, அல்லது வெளிச்சம் வெட்டி வெட்டி விழுகிறது

20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று ஏறக்குறைய 2000 லூமென் தரும். பத்துக்குப் பத்து அறையின் பரப்பு ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒளி முழுதும் தரையை அடைந்தால்கூட சராசரி 215 லக்ஸ்தான் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென் அளவே லக்ஸ்), நடைமுறையில் அதில் பாதி வந்தால் அதிகம். ஆரியில் மணி கோப்பதற்கும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவதற்கும் 1000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கூரையில் இன்னும் இரண்டு டியூப் சேர்ப்பதால் அந்த அளவு வராது. கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கை வேலைக்கு ஒன்றரை அடி தொலைவில் வைத்தால் வரும். வலக்கைக்காரருக்கு அது இடப்புற முன்பக்கத்திலிருந்தும், இடக்கைக்காரருக்கு வலப்புறத்திலிருந்தும் விழ வேண்டும். ஆரி ஸ்டாண்டில் கை துணிக்கு அடியிலும் மேலும் இருப்பதால், இருபுறமும் ஒவ்வொரு விளக்கு வைப்பது இன்னும் நல்லது.

வெளிச்சம் துண்டு துண்டாக அசைந்தால் அது விளக்கின் கோளாறு அன்று. மின்விசிறி இறக்கைகள் விளக்குக்குக் கீழே சுழன்று ஒளியை வெட்டுகின்றன. அரை நாள் அதன் கீழ் தைத்தால் தலைவலி நிச்சயம். டியூபை இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே சுவருக்கு இறக்குங்கள், அல்லது கூரை விசிறிக்குப் பதில் சுவர் விசிறி பொருத்துங்கள். சமிக்கியும் தங்கத்தாளும் பறக்காமல் காற்றைத் தன் மேல் மட்டும் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால், எனக்குச் சுவர் விசிறியே ஏற்புடையது.

அறையில் மண்ணெண்ணெய் வாடை தங்குகிறது, வேலைக்குப் பின் தலை கனக்கிறது

ஆரி வேலையில், ஊசியால் துளையிட்ட ட்ரேசிங் தாளின் மீது மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் கோலம் இறக்குகிறார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் அது முழுதும் போகாது. கதவின் அடியிலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ காற்று நுழைய வழி வைத்து, எதிர்ச்சுவரில் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினால், ஆயிரம் கன அடி கொண்ட இந்த அறைக்கு அது தாராளமாகப் போதும். உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடினால், ஓசை வருமே தவிரக் காற்று மாறாது. ஃபேன் ஓடும்போது கதவிடுக்கில் ஓர் ஊதுபத்தியைக் காட்டிப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். சோதனை முடியும் வரை மண்ணெண்ணெயும் தின்னரும் அறையில் இருக்கக் கூடாது.

ட்ரேசிங் போடும் மேசையும் இஸ்திரி மேசையும் ஒன்றாக இருப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். பொடி காய்ந்து வாடை முழுதும் நீங்கும் முன் அந்தத் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தீப்பற்றலாம். இரண்டையும் அறையின் எதிரெதிர் மூலைகளுக்குப் பிரியுங்கள். எப்பாக்சி ரெசின் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் அதை இந்தச் சிறிய அறையில் செய்யாமல், மறைப்புள்ள பால்கனியில் கையுறையோடு செய்வது மேல்.

ஓவியப் பலகை வளைகிறது, பசை காயவில்லை

தஞ்சாவூர் ஓவியப் பலகையின் ஒரு முகத்தில் மட்டும் துணி ஒட்டிச் சுண்ணப் பூச்சு ஏறுவதால், இரு முகங்களும் ஈரத்தை ஒரே அளவில் வாங்குவதில்லை. அதனால் பலகை வில்லாக வளைகிறது. பூச்சுப் போடும் முன்பே பின்முகத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு கை வார்னிஷ் கொடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பசை நீர் வெளியேறுவதால் இறுகுவது. மழை நாட்களில் இரட்டிப்பு நேரம் கொடுங்கள், அவசரத்துக்காக விசிறியை நேரே திருப்பி வைக்காதீர்கள். மேல்முகம் மட்டும் காய்ந்து உள்ளே பசை ஈரமாகவே இருக்கும். டெரகோட்டா மணிகள் சுடும் முன்பே வெடிப்பதற்கும் இந்த விசிறிக் காற்றே காரணம். அவற்றைத் துணி மூடி நிழலில் மெதுவாக உலர்த்துங்கள்.

மரத்திலிருந்து பொடி உதிர்கிறது, காகிதங்கள் அரிக்கப்படுகின்றன

பொடியின் தன்மையைப் பாருங்கள். மாவு போன்ற பொடியும் குண்டூசித் தலையளவு துளைகளும் இருந்தால் வண்டு துளைத்து மரம் உளுத்துப்போகிறது. சுவரிலோ கதவு நிலையிலோ மண்கோடு ஏறியிருந்தால் கரையான், அது தரைக்கடியிலிருந்து வருகிறது. மண்கோட்டை உடனே துடைத்துவிடாதீர்கள். அது எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பூச்சி மருந்து அடிப்பவர் பார்க்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஏறக்குறைய அடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்துவதே முறையான சிகிச்சை. தரையில் டைல்ஸோ மேட்டோ போடும் முன்பு இதைச் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு வரும் அலமாரிக்கு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் விலை கூடுதலானாலும் ஓதம் காணும் தரைத்தள அறைக்குத் தகும். துகள்பலகையை (பார்ட்டிகிள் போர்டு) இந்த அறைக்குள் விடவே கூடாது.

காகித ஓரங்களும் கஞ்சி போட்ட துணியும் மேலோட்டமாகச் சுரண்டப்பட்டிருந்தால் அது வெள்ளிமீன் பூச்சி. மாவுச்சத்தும் பசையும் அதன் உணவு. அட்டைப் பெட்டிகளை அகற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறினாலே அது பெரும்பாலும் குறைந்துவிடும்.

கதவு மழைக்காலத்தில் மட்டும் சிக்குகிறது

மரம் ஈரத்தை வாங்கி உப்பியிருக்கிறது. மழையிலேயே இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும். மாசி, பங்குனி வரை பொறுத்து, அப்போதும் சிக்கினால் இழைத்து, கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் பூசுங்கள். பெயிண்டர்கள் வழக்கமாக விட்டுவிடும் விளிம்புகள் அவை.

மெஷின் அதிர்கிறது, இடுப்பு வலிக்கிறது

கால்களுக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகும் முன், தரையைத் தட்டிப் பாருங்கள். ஒரு டைல் மட்டும் பொள்ளலாக ஒலித்தால் அதன் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை, அதை மாற்ற வேண்டும். தரை சரியாக இருந்து மேசைதான் ஆடுகிறது என்றால் திருகும் கால்களைப் பொருத்தி மட்டம் பாருங்கள். மாடி அறையில் பவர் மெஷின் ஓட்டுபவர்கள், கீழ்வீட்டாருக்கு அதிர்வு போகாமல் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் மெஷினை வைத்து, சுவரைத் தொடாமல் நான்கு அங்குலம் தள்ளிப் போட வேண்டும்.

இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் நாற்காலியைக் குறை சொல்கிறோம். தைப்பதும் வெட்டுவதும் ஒரே உயர மேசையில் நடப்பதே அதற்குக் காரணமாக இருக்கிறது. உட்கார்ந்து தைக்கும் மேசை 28 முதல் 30 அங்குலம் வரை உயரம் இருக்கலாம். நின்று துணி வெட்டும் மேசை, கையை மடக்கி நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரத்துக்கு நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 34 அங்குலத்தில் வரும். பத்தடி அறையில் இரண்டு மேசைகளுக்கு இடமில்லை என்றால், வெட்டும் மேசையைச் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகையாக அமையுங்கள். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியை மடித்துப் போட இரண்டடி அகலமும் ஐந்தடி நீளமும் போதும். அதற்கு முன்னால் நின்று நகர இரண்டரை அடி விடவும், பலகையை ஓதம் இல்லாத உட்சுவரில், செங்கல் வரை இறங்கும் போல்ட்டுகளால் பொருத்தவும் தச்சரிடம் சொல்லுங்கள்.